கீழக்கரையில் ஒரு 911: சத்தம் பின்னால், கோளாறு முன்னால்

"எஞ்சின் முடிஞ்சுது தம்பி. உள்ளே ஏதோ பேரிங் போயிருச்சாம். இறக்கிப் பிரிக்கணும், பன்னிரண்டு லட்சம் ஆகும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

கீழக்கரை காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போனில் இதைச் சொன்னபோது ஆடி அமாவாசை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. காக்கா வளைகுடாவில் இருபத்தைந்து வருடம் வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பெங்களூரில் ஒருவரிடமிருந்து 2007-ம் வருட போர்ஷே 911 கரேராவைக் கைமாற்றாக வாங்கியிருந்தார். 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், மேனுவல் கியர். கடற்கரையிலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு தகர ஷெட்டில் அது நின்றது. நானும் வளைகுடாவில் ஒரு கராஜில் இந்த வகை வண்டிகளைப் பார்த்தவன்தான். இப்போது பட்டணம்காத்தான் பக்கம் சின்ன ஷெட் போட்டு பொலிரோ, டாடா ஏஸ், மண்டபத்திலிருந்து வரும் படகு எஞ்சின் ஹெட் என்று பிழைப்பு ஓடுகிறது. 911 வருவது எனக்கும் திருவிழா மாதிரி.

நடந்தது இது. ஆடி அமாவாசை அன்று சேதுக்கரைக்குக் கூட்டம் போகும். திருப்புல்லாணி அருகே காக்காவின் வண்டி ஒன்றரை மணி நேரம் ஊர்ந்திருக்கிறது. ஏசி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கூட்டம் விலகும் நேரம் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. அன்றிலிருந்து எஞ்சின் சூடானால் பின்பக்கம் டிக் டிக் என்ற சத்தம். ஆயிலும் குறைகிறது, 1,100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றவேண்டியிருந்தது. பெரிய நகரம் ஒன்றில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார். பெயர் வேண்டாம். அங்கே அரை மணி நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு "ஐஎம்எஸ் பேரிங்" என்று எழுதிவிட்டார்கள்.

அவர்கள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. இந்த வண்டியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது அந்த மூன்றெழுத்துதான். கிராங்க் ஷாஃப்டிலிருந்து திருப்பத்தை வாங்கி, கேம் ஷாஃப்ட் செயின்களுக்குக் கொடுக்கும், ஐஎம்எஸ் என்கிற இடைத்தண்டு ஒன்று எஞ்சினின் அடியில் ஓடுகிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது சீல் போட்ட பால் பேரிங். நாள்பட சீல் தேய்ந்து உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகிறது. குண்டுகள் தேய்கின்றன. பேரிங் முழுதாக உடைந்தால் செயின் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும். இது கட்டுக்கதை இல்லை. ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் போட்ட வண்டிகளில்தான் அடி அதிகம். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்குப் போட்டு, 2013-ல் சமரசம் ஆனது.

ஆனால் காக்காவின் வண்டி 2007. அதற்குள் கம்பெனி பெரிய பேரிங்குக்கு மாறியிருந்தது. அதில் இந்தக் கோளாறு மிகவும் அரிது. 2009 மாடலிலோ அந்தத் தண்டே இல்லாத புது எஞ்சினைப் போட்டார்கள். வருடத்தைக்கூடப் பார்க்காமல் பன்னிரண்டு லட்சத்துக்கு எழுதிக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அரிது என்பதற்காக இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. "காக்கா, வண்டியைத் திருப்பி இங்கே கொண்டு வாங்க. ஸ்டார்ட் பண்ணாம, லாரியிலேயே" என்றேன்.

முதல் வேலை ஆயில் ஃபில்டர். ஃபில்டர் காகிதத்தை வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பார்ப்பது மண்டபத்துப் படகு மெக்கானிக்குகளிடம் கற்றது. ஸ்கேனர் இல்லாத காலத்து வைத்தியம், இன்றைக்கும் பொய் சொல்லாது. பேரிங் தேய்ந்திருந்தால் மடிப்பில் எஃகுத் துகள் மினுங்கும், காந்தத்தை வைத்தால் ஒட்டும். சீல் உடைந்திருந்தால் கருப்பு பிளாஸ்டிக் துணுக்கு கிடைக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி அடியிலும் காந்தம் விட்டேன், சுத்தம். ஆனால் ஆயில் தார் போல் கருத்திருந்தது, தண்ணீராக ஓடியது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. எப்போது மாற்றியது என்று கேட்டேன். மூன்று வருடம். "கிலோமீட்டர் ஓடலையே தம்பி" என்றார் காக்கா. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வரை இருபது கிலோமீட்டர்கூட இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போவதற்குள் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. கிலோமீட்டர் ஓடாத வண்டிக்குத்தான் ஆயிலை நாள் கணக்கில் மாற்றவேண்டும் என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

புது ஆயில், புது ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் செய்தபோது பின்னால் குப்பென்று நீலப் புகை வந்தது. என்னிடம் வேலை பார்க்கும் பையன் பதறிப்போனான். மண்டபத்துக்காரன், அவன் அப்பா விசைப்படகில் டிரைவர். புகை என்றால் ரிங் போச்சு என்றுதான் அவன் வளர்ந்திருக்கிறான். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் நிற்பதில்லை, மூன்றுக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. நாள்கணக்கில் நிறுத்தினால் ஆயில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி சிலிண்டருக்குள் கசியும். முதல் ஸ்டார்ட்டில் எரிந்து புகையாகும். ஒரு நிமிடத்தில் நின்றால் பயம் இல்லை. நின்றது.

சூடாகும்வரை சத்தம் இல்லை. இருபது நிமிடம் கழித்து டிக் டிக் ஆரம்பித்தது. நீள ஸ்க்ரூ டிரைவரை ஒரு முனை எஞ்சினிலும் மறுமுனை காதிலுமாக வைத்துக் கேட்டால், இடைத்தண்டு இருக்கும் இடத்தில் எதுவும் இல்லை. சத்தம் வால்வு கவர் பக்கம், மேலும் அது வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டின் வெறும் சத்தம். இந்த எஞ்சினில் டேப்பெட்டுகள் ஆயில் அழுத்தத்தில் நிற்கிறவை. அழுத்தம் குறைந்தால் தாளம் போடும். மீட்டரில் பார்த்தேன், காலையில் குளிர்ந்த எஞ்சினில் நான்கு 'பார்' அழுத்தத்தைத் தொட்ட முள், இப்போது ஐட்லிங்கில் ஒரு பாரைக் கொஞ்சம் தாண்டி நின்றது. புது ஆயில் போட்ட பிறகும் இப்படி என்றால் ஆயில் வேண்டாத அளவு சூடாகி இளகுகிறது என்று அர்த்தம்.

இங்கேதான் முள்ளை நம்பக்கூடாது என்ற பாடம். இந்த வண்டியில் தண்ணீர் சூட்டைக் காட்டும் முள், ஒரு பரந்த இடைவெளிக்குள் சூடு ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓட்டுபவர் பதறக்கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி, ஏசியைப் போட்டு ஷெட்டில் விட்டேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஸ்கேனர் 112 டிகிரி காட்டியது. முள் நடுவில், சாமி சிலை மாதிரி.

ஏசி போட்டவுடன் முன்னால் இரண்டு ஃபேனும் மெதுவான வேகத்தில் ஓடத் தொடங்கவேண்டும். கையை வைத்துப் பார்த்தோம், காற்றே இல்லை. சூடு நன்றாக ஏறிய பிறகு இரண்டும் முழு வேகத்தில் ஒரேயடியாக அலறின, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. மோட்டார் நல்லது, ரிலேயும் நல்லது. மெதுவான வேகத்தைக் கொடுக்கும் ரெசிஸ்டர்தான் சந்தேகம். அது பம்பருக்குள், ரேடியேட்டர் பக்கத்தில் திறந்த காற்றில் இருக்கிறது. மல்ட்டி மீட்டரை வைத்தால் இரண்டு பக்கமும் ஓபன், மின்சாரமே கடக்கவில்லை. கருகவில்லை, உப்பு தின்றிருந்தது. இந்தக் காலத்து 911-களில் உலகம் முழுக்க இந்த ரெசிஸ்டர் துருப்பிடித்துப் போவது தெரிந்த விஷயம்தான். கடலோரத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கிறது, அவ்வளவுதான்.

பம்பரைக் கழற்றத் தனியாக ஒரு நாள் போனது. போல்ட்டுகள் இறுகிக் கிடந்தன, இரண்டு தலை முறிந்தன, துளை போட்டு எடுத்தோம். உள்ளே பார்த்ததை நான் மறக்கமாட்டேன். இந்த வண்டிக்கு ரேடியேட்டர் முன்பக்க இரண்டு மூலைகளிலும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் ஏசி கண்டென்சர். நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளி இரண்டிலும் சீமைக்கருவேல இலை, வேப்பங்கொழுந்து, தும்பி இறக்கை, தனுஷ்கோடி மணல் எல்லாம் ஈரத்தில் குழைந்து காய்ந்து அடைபோல் உட்கார்ந்திருந்தன. சொம்பில் அள்ளினோம், ஒரு சொம்பு நிறைந்து மீதியும் இருந்தது. கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன.

காக்காவுக்கு எப்போதாவது தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனைக்குப் போய் வருவது பழக்கம். அந்தச் சாலையை 2017-ல் திறந்த பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் வேகமான வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் அதுதான் யாத்திரை. ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல், நடுவில் நேர்க்கோடாகத் தார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் சாலை மேல் பாம்பாக நெளிந்து கடக்கும். அதை 911 மூக்கால் உறிஞ்சிக்கொண்டு போகிறது. 1914-ல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றோடு மல்லுக்கட்டிக் கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றே போனது. பக்கத்தில் எழுப்பிய புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி பெயிண்ட்டும் போட்டார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் விரல் நுனியளவு ரெசிஸ்டர் எம்மாத்திரம்?

சரி, முன்னால் ரேடியேட்டர் அடைத்தால் பின்னால் டேப்பெட் ஏன் தட்டுகிறது? காக்காவுக்கு இதைத்தான் விளக்கமுடியாமல் திணறினேன். 911-ல் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றுக் குழாய்களில் முழு நீளமும் போய்த் திரும்புகிறது. ஆயிலுக்கு என்று தனிக் காற்று ரேடியேட்டர் இந்த கரேராவில் இல்லை. எஞ்சின் மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதில் தண்ணீரும் ஆயிலும் தகட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக ஓடி, ஆயிலின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீரே கொதிநிலையில் இருந்தால் ஆயில் யாரிடம் போய் ஆறும்? ஆறாத ஆயில் இளகுகிறது, அழுத்தம் விழுகிறது, டேப்பெட் தட்டுகிறது. பையன்தான் எளிதாகச் சொன்னான்: "நம்ம படகுல கடல் தண்ணி வர்ற குழாய்ல பாசி அடைச்சா எஞ்சின்ல ஆயில் பிரஷர் குறையும்ல, அதேதான் காக்கா." காக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் தாத்தா தோணி வைத்திருந்தவர்.

தண்ணீரும் சுத்தமில்லை. எக்ஸ்பான்ஷன் டேங்கில் பார்த்தால் கூலன்ட் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய இடத்தில் டீ நிறம். வீட்டில் வண்டி துடைக்கும் பையன் அளவு குறையும்போதெல்லாம் போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். எங்கள் கடற்கரைப் போர்த் தண்ணீரை வாயில் வைக்கமுடியாது. வண்டியை வாரம் மூன்று தடவை கழுவியதும் அதே தண்ணீரில்தான். உப்புப் போக வேண்டும் என்று கழுவி, உப்பையே பூசியிருக்கிறார்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் கழுவுங்கள், இல்லாவிட்டால் கழுவாமலே விடுங்கள் என்றேன்.

இனி பயந்த வேலை. இவ்வளவு நாள் சூட்டில் ஓடியதால் சிலிண்டர் சுவர் எப்படி இருக்கிறது? இந்த எஞ்சினில் இரும்பு லைனர் கிடையாது. அலுமினியத்துக்குள் சிலிக்கான் கலந்த சுவர், லோகாசில் என்பார்கள். அதில் பிஸ்டன் உராய்ந்து கோடு விழுவது இந்தத் தலைமுறை 911-களுக்கு உள்ள உண்மையான வியாதி. பேரிங்கைவிட நான் இதற்குத்தான் பயப்படுவேன். பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறு இருக்கும் பக்கத்தில்தான் வரும். அறிகுறிகள்: சூடானபின் தட்டும் சத்தம், ஆயில் குறைவது, ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி பிடிப்பது. முதல் இரண்டும் காக்கா வண்டியில் இருந்தன, மூன்றாவது இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வளையும் கேமராவை விட்டு ஆறையும் பார்த்தோம். ஐந்து சிலிண்டர்கள் சுத்தம். ஆறாவதில் ஒரு ஓரமாக மெல்லிய இரண்டு கோடுகள், முடி இழை மாதிரி. எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்கு இல்லை, கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்கும் இல்லை. படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தேன்.

ஆயில் குறைவதற்கு வேறு காரணமும் கிடைத்தது. எஞ்சினுக்குள் எழும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் செப்பரேட்டரில் உள்ள ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. ஆயில் மூடியைத் திறக்கப் போனால் உள்ளிருந்து இழுத்துப் பிடித்தது, அதுதான் அடையாளம். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன ரப்பர், யாரையும் குறை சொல்ல முடியாது.

கொஞ்சம் வெளியே போய்வருகிறேன். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் நம்பகமானதா என்று கேட்பவர்கள் எல்லாம் எஞ்சினின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். மெட்ஸ்கர் எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பார்கள். போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த வழியில் வந்த, அந்தக் காலத்து 911 டர்போவிலும் 911 ஜிடி3-யிலும் இருந்த எஞ்சின். இடைத்தண்டு பேரிங் பிரச்சினையே கிடையாது, பந்தயத்தில் தேறியது. ஆனால் அதே எஞ்சினில் கூலன்ட் குழாய் முனைகளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். நாளாகிச் சூட்டில் பசை விட்டுப்போனால் முனை கழன்று தண்ணீர் முழுவதும் சாலையில் கொட்டும். 2010-ல் ஃபெராரி 458 இத்தாலியா தீப்பிடித்த கதையும் எஞ்சின் உள்ளிருந்து வந்ததல்ல. சக்கர வளைவில் வெப்பத் தடுப்பை ஒட்டிய பசை சூட்டில் எரிந்தது. 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் ரிவெட் அடித்தார்கள்.

உள்ளேயே பழுதான உதாரணமும் உண்டு. 2014-ல் புது ஜிடி3-யில் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து எஞ்சின் பொத்து, இரண்டு வண்டிகள் எரிந்தன. விற்ற 785 வண்டிகளையும் ஓட்டாதீர்கள் என்று நிறுத்தி, எல்லாவற்றுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது போர்ஷே. அப்படிப்பட்டது வந்தால் நம்மால் ஒன்றும் செய்யமுடியாது. பசையும் ரெசிஸ்டரும் ரப்பரும் அப்படியில்லை, பார்த்தால் தெரியும். பம்பரைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, அதுதான் கஷ்டம். எஞ்சினை இறக்குவதில் இருக்கும் கௌரவம் குப்பை அள்ளுவதில் இல்லை.

வேலை நான்கு வாரம் இழுத்தது. இரண்டு கண்டென்சரும் புதுசு. ரேடியேட்டரில் ஒன்று மாற்றினோம், இன்னொன்று தாக்குப்பிடிக்கும் என்று கழுவிப் போட்டேன். ரெசிஸ்டர் ஒன்று சென்னையில் கிடைத்தது, மற்றதற்குக் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எங்கள் தெரு எலெக்ட்ரீசியன், "அண்ணே, ஒரு சுவிட்ச் போட்டு ஃபேனை டைரக்ட்டா கொடுத்துரலாம்" என்றார். பழைய அம்பாசிடருக்கு நானே செய்திருக்கிறேன். இங்கே எப்போதும் முழு வேகத்தில் ஓடினால் மோட்டார் தேயும், ஒயரும் சுடும். வேண்டாம் என்றுவிட்டேன். தண்ணீர் நிரப்புவதும் சும்மா ஊற்றி முடிகிற வேலையில்லை. அவ்வளவு நீளக் குழாயில் காற்றுக் குமிழ் நின்றுவிடும், வெற்றிடம் கொடுத்து இழுத்து நிரப்பவேண்டும். முதல் தடவை சரியாக வராமல் மறுபடி வடித்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. ஆயில் கம்பெனி அனுமதித்த 5டபிள்யூ-40. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. காக்கா பில்லைப் பார்த்துவிட்டு, "குப்பை அள்ளினதுக்கு இவ்வளவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான்.

அதே ஷெட், அதே ஏசி, அதே இருபத்தைந்து நிமிடம். இந்தத் தடவை ஸ்கேனர் 97-ல் நின்றது. ஐட்லிங் அழுத்தம் இரண்டு பாரை ஒட்டி. சத்தம் இல்லை. மறுநாள் விடியற்காலை அரிச்சல்முனை வரை போனோம். திரும்பும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்தோம். காக்கா முள்ளைப் பார்க்கவில்லை, நான் மாட்டிக்கொடுத்த சின்ன ஸ்கேனர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஆயில் 2,800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைகிறது. செப்பரேட்டர் மாற்றியதாலா, சூடு இறங்கியதாலா என்று கேட்டால் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்த என் அவசரத்தைத்தான் சொல்லவேண்டும். தனித்தனியாகச் செய்து அளந்திருக்கவேண்டும். ஆறாவது சிலிண்டரை மறுபடி கேமரா விட்டுப் பார்த்தேன். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து நானும் பையனும் மாறி மாறிப் பார்த்தோம். கோடு இரண்டுதான், நீளமும் கூடவில்லை. பம்பரையும் கழற்றினோம். இந்தத் தடவை போல்ட்டுகளில் கிரீஸ் தடவி வைத்திருந்ததால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அரைக் கை மணல், நாலைந்து கருவேல இலை, ஒரு தும்பி இறக்கை. காக்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதானா?" என்றார். அடுத்த கச்சானுக்கு முன்னால் மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.